வருமுன் அறிதலும் வருமுன் காத்தலும்

காவிரிக் கழிமுகத்து உழவர் காலத்தைப் பல கணக்குகளில் அளந்து வந்துள்ளனர். சித்திரை முதல் பங்குனி வரையிலான மாதங்கள் ஒரு கணக்கு. குறுவை, சம்பா, தாளடி என்னும் பட்டங்கள் மற்றொரு கணக்கு. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் ஜூன் 12 என்னும் தேதியும் இக்கணக்கில் ஓர் அடையாள நாளாகச் சேர்ந்துகொண்டது. இவற்றோடு எழுதப்படாத கணக்கு ஒன்றும் உழவர் நெஞ்சில் இருந்தது. எந்தப் பட்டத்தில், பயிரின் எந்த வளர்ச்சியில், எந்தப் பூச்சி வரும் என்பதே அது.

இந்த எழுதப்படாத கணக்கை இன்று கணிப்பொறிகள் எழுத முற்பட்டுள்ளன. உலகம் வெம்மையுறும்போது எந்தப் பூச்சி எந்த நாட்டில் புதிதாகக் குடியேறும், எங்கே பெருகும், எங்கே அருகும் என்பதைக் காலநிலை மாதிரிகளின் துணையோடு அறிஞர் வரைபடங்களாகத் தீட்டி வருகின்றனர். இந்த வரைபடங்களை நாம் எவ்வாறு படிப்பது? விதி இதுவென்று அடங்கிவிடுவதா? ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிடுவதா? விடை காண்பதற்குமுன், பூச்சியின் வரவை முன்னறிய மனிதர் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றைத் தஞ்சைக் கழனிகளின் வரப்பில் நின்றவாறே சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பெயர்களில் உறைந்த அறிவு

நெற்பயிரின் பகைகளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களே ஓர் அறிவுக் களஞ்சியம். தூரின் நடுக்குருத்து இலையாக விரியாமல் வெண்மையான குழல்போல் நீண்டு நிற்கும் கேட்டிற்கு ஆனைக்கொம்பன் என்று பெயரிட்டனர். பால் பிடிக்கும் கதிரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சி மணியைப் பதராக்குவது கதிர்நாவாய்ப்பூச்சி. வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் புகைபட்டதுபோல் தீய்ந்து சாய்வதைக் கண்டு, அதற்குக் காரணமான சிறு தத்துப்பூச்சியைப் புகையான் என்றனர். பெயரைச் சொன்ன அளவிலேயே பயிரின் நிலையும் கேட்டின் தன்மையும் கண்முன் நிற்கின்றன.

பிற்காலத்தில் அறிவியலும் இவ்வறிவைத் தொகுக்கத் தொடங்கியது. கோயம்புத்தூரில் வேளாண்மைக் கல்லூரி 1906-இல் அமைந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெயின்பிரிட்ஜ் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய தம் நூலை 1914-இல் வெளியிட்டார். 1922-இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1940-இல் டி.வி. இராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியாவின் பயிர்ப்பூச்சிகள் குறித்து எழுதிய கையேடு பல தலைமுறை மாணவருக்குப் பாடநூலாயிற்று.

உழவரின் அறிவும் ஆய்வாளரின் தொகுப்பும் ஒரு வகையில் ஒத்தவை. இரண்டும் நடந்ததை நினைவிற்கொண்டு நடக்கப்போவதை உய்த்துணர்பவை. பழகிய நிலத்திற்கும் பழகிய பூச்சிக்கும் இம்முறை போதுமானது. ஆனால் இதுவரை காணாத பூச்சியொன்று கடல் கடந்து வந்தால் என்ன செய்வது? பருவமே தடம் மாறினால் பழைய நினைவு எவ்வளவு தூரம் வழிகாட்டும்? இக்கேள்விகள் எழுந்தபோதுதான், பூச்சியின் வாழ்வை ஆளும் காரணங்களையே அளந்தறியும் முயற்சி தேவைப்பட்டது.

வெம்மையின் கணக்கு

பூச்சிக்கு நம்மைப்போல் உடல்வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. சூழும் காற்றின் வெம்மையே பெரும்பாலும் அதன் உடலின் வெம்மை. ஆகவே முட்டை பொரிப்பதும் புழு வளர்வதும் இறகு முளைப்பதும் வெப்பத்தின் அளவைச் சார்ந்தே விரைவுபடுகின்றன, அல்லது தாமதிக்கின்றன. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு கீழெல்லை உண்டு; அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். ஒரு மேலெல்லையும் உண்டு. அதைத் தாண்டினால் உடல் நலிந்து இறக்கும். இரண்டிற்கும் இடையே கிடைக்கும் வெப்பத்தை நாள்தோறும் கூட்டி வந்தால், அடுத்த தலைமுறை எப்போது இறகு விரிக்கும் என்பதைக் கணக்கிடலாம்.

நாள்தோறும் வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கும் இக்கணக்கின் வேரை 1735-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரெயோமூர் எழுதியவற்றில் காண்கிறோம். பயிர் முற்றுவதற்கு நாட்களின் எண்ணிக்கையைவிட, அந்நாட்களில் சேர்ந்த வெப்பத்தின் கூட்டுத்தொகையே சிறந்த அளவு என்று அவர் கருதினார். 1925-இல் அமெரிக்காவில் குக் என்பவர், குதிரைமசால் பயிரைத் தாக்கும் கூன்வண்டின் பரவலை வெப்பம், மழை ஆகியவற்றின் அளவுகளோடு பொருத்திப் பார்த்தார். 1931-இல் ரஷ்யாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய உவரோவ், பூச்சிகளுக்கும் தட்பவெப்பநிலைக்கும் உள்ள உறவைப் பற்றி அதுவரை அறியப்பட்டவற்றையெல்லாம் திரட்டி ஒரு பெருநூலாக்கினார். இன்றைய வரைபடங்களின் அடித்தளம் இவ்வாறு கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பே இடப்பட்டுவிட்டது.

காற்றின் கணக்கு

வெம்மை பூச்சியை வளர்க்கிறது. காற்று அதனைச் சுமந்து செல்கிறது. இவ்வுண்மை மிகப் பழமையானது. விடுதலைப் பயண நூலில் எகிப்தின் மீது வெட்டுக்கிளிகளைக் கொணர்ந்தது கீழ்க்காற்று என்றும், அவற்றைச் செங்கடலுக்கு அடித்துச் சென்றது மேல்காற்று என்றும் படிக்கிறோம். பாலைநில மக்கள் கண்டறிந்திருந்த இச்செய்திக்கு 1951-இல் ரெய்னி என்ற ஆய்வாளர் அறிவியல் விளக்கம் தந்தார். வெட்டுக்கிளிக் கூட்டங்கள் காற்றோடு சென்று, காற்றுகள் ஒருங்கே வந்து கூடும் பகுதிகளைச் சேர்கின்றன. மழை பொழிவதும் அங்கேதான். மழைக்குப்பின் பசுமையும் முட்டையிட ஈரமணலும் கிடைப்பதும் அங்கேதான். இந்தியாவில் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு 1939-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டு இராஜஸ்தான் முதலிய வடமாநிலங்களில் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, தமிழகத்திலும் அச்சம் பரவியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளை மொய்த்த வெட்டுக்கிளிகளைக் கண்டு மக்கள் கலங்கினர். அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல, நம் நாட்டுப் பூச்சிகளே என்று வேளாண் துறையினர் தெளிவுபடுத்தினர். சரியான அறிவு எச்சரிக்கை செய்வதற்கு மட்டுமன்று, வீண் அச்சத்தைப் போக்குவதற்கும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

நெல்லோடு நேரடித் தொடர்புடைய காற்றின் கதை ஜப்பானில் நிகழ்ந்தது. 1732-இல் அந்நாட்டின் மேற்குப் பகுதிகளை வாட்டிய கொடும் பஞ்சத்திற்குத் தத்துப்பூச்சிகள் ஒரு பெருங்காரணம். வயல்நீரின் மேல் திமிங்கில எண்ணெயைப் பரப்பி, பயிரைத் தட்டிப் பூச்சிகளை அதில் விழச்செய்து கொல்வது அந்நாட்டு உழவர் கண்ட வழி. ஆனால் உறைபனி விழும் மாரிக்காலத்தில் இறந்தொழியும் புகையான் அடுத்த ஆண்டு எங்கிருந்து மீண்டும் வருகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1967 ஜூலையில், ஜப்பானின் தென்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் நடுக்கடலில் நின்ற வானிலைக் கண்காணிப்புக் கப்பலைத் தத்துப்பூச்சிகள் திரளாக மொய்த்தன. புதிர் அவிழ்ந்தது. ஆசியப் பெருநிலத்திலிருந்து பருவக்காற்று அவற்றைக் கடல்மேல் சுமந்து வருகிறது! அதன்பின் ஜப்பானிய அறிஞர், வானிலை மாதிரிகளைக் கொண்டு காற்றின் போக்கைக் கணித்துப் பூச்சி வந்திறங்கும் நாளையும் இடத்தையும் முன்னறிவிக்கும் முறைகளை உருவாக்கினர்.

நம் கழிமுகத்திற்கு இந்தக் கடற்பயணம் தேவைப்படவில்லை. இங்கே உறைபனி இல்லை. ஆண்டில் பெரும்பகுதி நெல் நிற்கிறது. புகையானும் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ இயலும். அப்படியானால், தட்பவெப்பம் என்றும் இசைவாக இருந்த தஞ்சையில் இப்பூச்சி ஏன் நெடுங்காலம் சிறுபகையாகவே இருந்தது? பின்னர் ஏன் பெரும்பகையாயிற்று? இங்குதான் வரலாறு நமக்கு ஒரு முக்கியமான பாடத்தைக் கற்பிக்கிறது.

மனிதர் மாற்றிய வரைபடம்

1960-ஐ ஒட்டி, தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கென இந்தியாவில் முதலில் தெரிவுசெய்யப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. உறுதியான பாசனம் உள்ள இடத்தில் நல்ல விதை, உரம், கடன் ஆகியவற்றை ஒருசேரத் தந்தால் விளைச்சல் பெருகும் என்பது திட்டத்தின் கருத்து. 1960-களின் நடுவில் ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு ஜி.இ.பி. 24 ரகத்தையும் இணைத்துப் பெற்ற ஏ.டி.டி. 27 தஞ்சைக் குறுவை வயல்களில் விரைந்து பரவியது. 1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. பஞ்சத்தின் நிழலில் வாழ்ந்த நாட்டிற்கு இவை உணவு தந்தன. அந்நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

எனினும் வயலின் உட்சூழல் அடியோடு மாறிற்று. குட்டையான பயிர்கள் நெருக்கமாகத் தூர்விட்டன. தழைச்சத்து மிகுதியால் தண்டின் சாறு பூச்சிக்கு இனிதாயிற்று. காற்றோட்டம் குன்றிய அடித்தூர்களில் ஈரமும் நிழலும் நிலைத்தன. ஒரு பட்டம் முடியுமுன் அடுத்த பட்டம் தொடங்கியதால் பூச்சிக்குப் பட்டினிக்காலமே இல்லாமற்போயிற்று. 1970-களில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா எனப் பல நாடுகளில் புகையான் பெருங்கேடாக உருவெடுத்தது. 1973-74-இல் அண்டைக் கேரளத்தின் குட்டநாட்டு வயல்கள் அதற்குப் பெருமளவில் இரையாயின.

எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தை விதைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் நீடிக்கவில்லை. 1973-இல் வெளியான ஐ.ஆர். 26 புகையானைத் தாங்கி நின்றது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதனையும் உண்டு வாழவல்ல பூச்சிக் கூட்டங்கள் தோன்றிவிட்டன. பூச்சிமருந்தோ எதிர்பாராத விளைவைத் தந்தது. புகையானின் முட்டைகள் தண்டின் உறைக்குள் மறைந்திருந்து தப்பின. அதனை உண்ணும் சிலந்திகளும் சிறு நாவாய்ப்பூச்சிகளும் திறந்தவெளியில் மடிந்தன. காவலரைக் கொன்றுவிட்டுக் கள்வரைத் தப்பவிட்ட கதையாயிற்று. பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் பிலிப்பைன்ஸ் வயல்களில் இதை நுணுகி ஆராய்ந்து 1980-இல் தம் ஆய்வேட்டை அளித்தார். 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்குத் தெளிக்கும் 57 பூச்சிமருந்துகளுக்குத் தடைவிதித்தது. அதன்பின் 1989-இல் அங்கே தொடங்கப்பட்ட உழவர் வயல்வெளிப் பள்ளிகள் பல நாடுகளுக்கு முன்மாதிரியாயின.

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பத்தாண்டில் தஞ்சையின் வெயிலும் மழையும் வேற்று நாட்டினுடையனவாக மாறிவிடவில்லை. மாறியவை விதையும் உரமும் நஞ்சும் நடவுக் காலமும். பூச்சியின் வரைபடத்தை மாற்றி எழுதியது மனிதக் கை. 1960-இல் மிகச் சிறந்த காலநிலை மாதிரி ஒன்று நம் கையில் இருந்திருப்பினும், வெப்பத்தையும் மழையையும் மட்டும் கொண்டு அது புகையானின் எழுச்சியை முன்னுரைத்திருக்க இயலாது.

பூச்சிக்கு முந்திய வரைபடம்

அவ்வாறாயின் காலநிலை மாதிரிகளால் பயனில்லையா? அவ்வாறு முடிவுகட்டுவது தவறு. 1985-இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த சதர்ஸ்டும் மேவால்டும் கிளைமெக்ஸ் என்னும் கணிப்பொறி முறையை அறிமுகப்படுத்தினர். அதன் கருத்து எளிமையானது. ஒரு பூச்சி தன் தாயகத்தில் எத்தகைய வெப்பத்திலும் ஈரத்திலும் தழைக்கிறது, எத்தகைய குளிரிலும் வறட்சியிலும் நலிகிறது என்பதை அறிந்து, உலகின் பிற இடங்களின் தட்பவெப்பத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வோர் இடத்திற்கும் பூச்சியத்திலிருந்து நூறு வரை ஒரு மதிப்பெண் வழங்குவது. இன்றைய தட்பவெப்பத்திற்குப் பதிலாக, காலநிலை மாதிரிகள் காட்டும் 2050-ஆம் ஆண்டின் தட்பவெப்பத்தைக் கொடுத்தால், நாளைய வரைபடம் கிடைக்கிறது.

இம்முறையின் பயனுக்குக் காவிரிக் கரையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மேட்டூர் அமைந்துள்ள சேலம் மாவட்டம் மரவள்ளிக்குப் பெயர்பெற்றது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவிற்குள் நுழைந்து ஏழைகளின் உணவான அக்கிழங்குப் பயிரை நாடு நாடாக அழித்தது. 1981-இல் பராகுவேயில் அதன் இயற்கைப் பகையான சிறு குளவி ஒன்று கண்டறியப்பட்டு ஆப்பிரிக்காவில் விடப்பட, அழிவு அடங்கியது. அப்பணிக்குத் தலைமையேற்ற ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2008-இல் அம்மாவுப்பூச்சி தாய்லாந்தில் காணப்பட்டது. அதைத் தொடர்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆசியாவில் அது பெருகக்கூடிய இடங்களை மாதிரியால் கணித்து, கர்நாடகத்தின் தென்கோடியையும் அவற்றுள் ஒன்றாகச் சுட்டியது.

எட்டு ஆண்டுகளுக்குப்பின், 2020-இல், கேரளத்துத் திருச்சூரில் அப்பூச்சி கண்டறியப்பட்டது. விரைவில் தமிழகத்து மரவள்ளி வயல்களையும் அது தாக்கியது. வரைபடம் சுட்டிய வட்டாரத்திற்கு அருகிலேயே பூச்சி வந்துவிட்டது. ஆனால் சுட்டிய புள்ளியிலேயே வந்திறங்கவில்லை. ஆப்பிரிக்காவைக் காத்த அதே குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது. எச்சரிக்கை இருந்தது, மருந்தும் எங்கே உள்ளது என்று தெரிந்திருந்தது. இடையில் பல உழவர் விளைச்சலை இழந்ததும் உண்மை.

அமெரிக்கப் படைப்புழுவின் கதையோ வேகத்தின் கதை. 2016-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்ட இப்புழு, 2018 மே மாதத்தில் கர்நாடகத்துச் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் காணப்பட்டது. அதே ஆண்டில் கொள்ளிடத்திற்கு வடக்கே பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் மக்காச்சோள வயல்களைச் சல்லடையாக்கியது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதி இப்புழுவுக்கு உகந்தது என்று காட்டிய உலக அளவிலான மாதிரி ஆய்வும் 2018-இல்தான் வெளியாயிற்று. மாதிரி சொன்னது சரியே. ஆனால் அந்துப்பூச்சியின் இறகு அச்சு இயந்திரத்தைவிட விரைவானது!

வெம்மை கூடினால் எல்லாப் பூச்சியும் எங்கும் பெருகும் என்பதும் உண்மையன்று. 2018-இல் அமெரிக்க அறிஞர் சிலர் வெளியிட்ட கணக்கின்படி, உலகின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி உயரும்போதெல்லாம் நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றில் பூச்சிகளால் நேரும் இழப்பு 10 முதல் 25 விழுக்காடு வரை மிகும். அவ்விழப்பு மிகுதியும் குளிர்ச்சியான நாடுகளில் நிகழும். வெப்ப நாடுகளில் பூச்சிகள் ஏற்கெனவே தம் மேலெல்லைக்கு அருகில் வாழ்கின்றன. புகையானுக்கு உகந்தது 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் செல்லச் செல்ல அதன் வாழ்நாளும் முட்டை பொரிக்கும் திறனும் குன்றுகின்றன. டெல்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் 2013-இல் வெளியிட்ட மாதிரி ஆய்வும், வெப்பம் உயரும்போது அங்கே புகையானின் எண்ணிக்கை குறையக்கூடும் என்றே காட்டியது. ஆகவே வெம்மை என்றதும் நடுங்குவதும், குறையும் என்றதும் கண்ணயர்வதும் இரண்டுமே பிழை.

வரைபடத்தில் இல்லாதவை

உலகக் காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பகுத்துக் கணக்கிடுகின்றன. அவற்றுள் பலவற்றில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கல்லணையிலிருந்து கடற்கரை நோக்கி விரியும் நம் கழிமுகத்தின் பெரும்பகுதி அத்தகைய ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மேட்டுப்பாங்கான ஒரத்தநாட்டு வயலும், வடிகால் இன்றி நீர் தேங்கும் கடைமடை வயலும் அதன் கண்ணுக்கு ஒன்றே. நுண்ணிய அளவில் கணக்கிடும் முறைகள் இன்று வளர்ந்து வருகின்றன. எனினும் ஒரு தூரின் அடியில் நிலவும் ஈரத்தையும் நிழலையும் அவை இன்னும் எட்டவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. மாதிரி வானத்து நீரை அறியும். அணையின் மதகை அறியாது. மேட்டூர் அணை பாசனத்திற்காக 2022-இல் மே 24 அன்றும், 2023-இல் ஜூன் 12 அன்றும், 2024-இல் ஜூலை 28 அன்றும், 2025-இல் மீண்டும் ஜூன் 12 அன்றும் திறக்கப்பட்டது. இரண்டு மாத இடைவெளி! நடவு தள்ளிப்போனால் பயிரின் இளமையும் முதுமையும் வேறு மாதங்களில் வந்தமைகின்றன. வடிமுனைக் குழாய்க் கிணறு உள்ளவர் முன்னதாக நடுகிறார். ஆற்றுநீரை நம்பியவர் காத்திருக்கிறார். கடைமடைக்காரர் இன்னும் காத்திருக்கிறார். ஒரே ஊரில் நாற்றும் கதிரும் அருகருகே நிற்கின்றன. ஒரு வயல் அறுவடையானதும் பூச்சி அடுத்த வயலுக்குப் பெயர்கிறது. புகையானில் இருவகை உண்டு. உணவு நிறைந்த இடத்தில் குறு இறகுடன் தங்கி முட்டையிடுவது ஒரு வகை. பயிர் முதிர்ந்து நெருக்கம் மிகும்போது நீள் இறகுடன் புதுப்பயிரைத் தேடிப் பறப்பது மற்றொரு வகை. முன்னும் பின்னுமாக நடப்பட்ட ஊரில் அதற்கு நெடும்பயணமே வேண்டியதில்லை.

இவ்வாறு, மாநிலங்களுக்கிடையேயான நீர்ப் பங்கீடும், ஊருக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வும்கூடப் பூச்சியின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கணிப்பொறிக்கு இவற்றைக் கற்பிப்பது கடினம். ஊரில் வாழ்வோர்க்கோ இவை நாள்தோறும் காணும் உண்மைகள். ஆகவே வரைபடம் தீட்டுவோரும் வரப்பில் நடப்போரும் ஒருவரையொருவர் கேட்காமல் முன்னறிதல் முழுமையடையாது.

எண்ணத் தெரிந்த அறம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்கு வகுத்துள்ள ஒரு நெறி நம் சிந்தனைக்கு உரியது. தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்தடிப்பதைப் பற்றி எண்ணலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால், தூருக்கு இரண்டு பூச்சிகள் வரை பொறுக்கலாம். அதாவது, பகையை மட்டும் எண்ணினால் போதாது. துணையையும் எண்ண வேண்டும். ஒரே அளவு பூச்சி, சிலந்தியுள்ள வயலில் ஒரு பொருளும், சிலந்தியற்ற வயலில் வேறொரு பொருளும் பெறுகிறது. ஆண்டாண்டு காலமாக நஞ்சு தெளித்துச் சிலந்திகளை இழந்த வயலில் நாளைய வெம்மை எத்தகைய விளைவைத் தரும் என்பது, நேற்று நாம் செய்ததைப் பொறுத்தது.

நடவின்போது 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒருமுறை 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பட்டம் பிரிப்பது, தழைச்சத்தைப் பிரித்து இடுவது, நீரை இடையிடையே வடித்துக் காயவிட்டுக் கட்டுவது, ஊரார் கூடி ஏறத்தாழ ஒரே காலத்தில் நடுவது ஆகியவை பெருஞ்செலவு கோராத காப்புகள். இவற்றுள் சிலவற்றைத் தனியொருவர் செய்யலாம். ஒரே காலத்தில் நடுவதோ ஊர் ஒற்றுமையின்றி இயலாதது. நீரைக் கடைமடை வரை நேரத்தோடு சேர்ப்பது அரசின் கடமையின்றி இயலாதது.

இதில் இழப்பு யாருடையது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். குத்தகைக்கு உழுபவர் கடன்பட்டுப் பயிர் செய்கிறார். பக்கத்து வயலில் ஒரு வட்டம் தீய்ந்ததைக் கண்டால் அவருக்கு உறக்கமில்லை. அவருக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை பெரும்பாலும் மருந்துக்கடையின் முகப்பில்தான். அங்கே எவரும் சிலந்தியை எண்ணுவதில்லை. முன்னறிவிப்பு உரிய நேரத்தில், அவர் மொழியில், அவர் வயலுக்குப் பொருந்துமாறு அவரை அடையாவிடில், அது ஆய்வேட்டில் மட்டும் உண்மையாக இருக்கும். அரைகுறையாக அடைந்தாலோ, இன்னும் ஒரு முறை தெளிக்கச் செய்யும் அச்சமாக மாறிவிடும்.

நினிவே நகருக்கு யோனா அறிவித்த அழிவு நிகழவில்லை. தம் சொல் நிறைவேறவில்லையே என்று அவர் மனம் நொந்தார். நகரமோ மனம் மாறிப் பிழைத்தது. எச்சரிக்கையின் இயல்பு அத்தகையது. அது கேட்கப்பட்டால் பொய்க்கும், கேட்கப்படாவிடில் மெய்யாகும். 2050-இன் வரைபடத்தில் காவிரிக் கழிமுகத்தின் மேல் தீட்டப்படும் நிறம் எதுவாயினும், அதை மாற்றும் ஆற்றல் ஓரளவேனும் நம் மதகிலும் நம் நடவிலும் நம் தெளிப்பானிலும் இருக்கிறது என்பதே தஞ்சையின் கடந்த காலம் நமக்குக் காட்டும் உண்மை. தூருக்கு எத்தனை பூச்சி, குத்துக்கு எத்தனை சிலந்தி என்று வயலில் இறங்கி எண்ணும் பழக்கத்தை நம் ஊர்ப் பள்ளிகளிலும் உழவர் மன்றங்களிலும் இளையோர்க்குக் கற்பிப்போம். வரைபடங்களைப் படிக்கும் தகுதி அப்போது நமக்கு வாய்க்கும்.